பிறகு ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியுமா? சமூக வாழ்வைப் படமெடுக்கும் நான்கு வழிகள்

சித்திரைப் பௌர்ணமி நெருங்கும்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கூவாகத்துக்கு நாடெங்கிலுமிருந்து திருநங்கைகள் வந்து சேர்கிறார்கள். கூத்தாண்டவர் கோயிலில் அரவானை நினைத்துப் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அரவான் களப்பலியான பிறகு அந்தத் தாலி அறுக்கப்படுகிறது, வளையல்கள் உடைக்கப்படுகின்றன, பூவும் பொட்டும் போய் வெள்ளைப் புடவை வருகிறது. அவர்களைத் தேடிக் கேமராக்களும் வருகின்றன. தாலி அறுக்கும் இடத்தில் மாரடித்து அழும் ஒருவரை நெருக்கியடித்துக்கொண்டு பல லென்ஸ்கள் சூழ்ந்து நிற்கும். அவர் தலையைக் குனிந்தால் லென்ஸும் குனியும். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டால், முந்தானை விலகும்வரை காத்திருக்கும்.

அந்தக் கூட்டத்தில் நிற்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு வந்தவர்கள் அல்லர். திருநங்கைகளின் வாழ்க்கை மீது உண்மையான அக்கறை உள்ளவர்கள் பலர் அதில் உண்டு. எந்த வழியில் இந்த வேலையைச் செய்யப்போகிறோம் என்பதை மட்டும் அவர்கள் முடிவு செய்துகொள்ளவில்லை. கேமரா எது, லென்ஸ் எது என்று மாதக்கணக்கில் ஒப்பிடுகிறோம். அதைவிட முக்கியமான இந்த ஒப்பீட்டைச் செய்வதில்லை.

ஒரு சமூகத்தின் வாழ்க்கையையோ ஒரு சமூகச் சிக்கலையோ படங்களாக ஆவணப்படுத்த விரும்புகிறவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. போய், எடுத்துவிட்டுத் திரும்புவது. ஆண்டுக்கணக்கில் கூடவே இருந்து எடுப்பது. கேமராவை அந்த மக்களின் கையில் கொடுத்துவிடுவது. அந்தச் சமூகத்திலேயே பிறந்தவர் தன் வீட்டையும் தெருவையும் எடுப்பது. இவற்றை நான் ஒரே கேள்வியால் அளக்கிறேன். படத்தில் இருப்பவர் பிறகு ஒரு நாள் ‘இது வேண்டாம்’ என்று சொன்னால், அந்தச் சொல்லுக்கு எங்காவது மதிப்பு இருக்கிறதா?

படத்தின் அழகையோ அது வாங்கும் விருதையோ விட்டுவிட்டு இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. எடுக்கும் நொடியில் கிடைக்கும் சம்மதம் அந்த நொடிக்கானது. திருவிழாவில் மகிழ்ச்சியோடு கேமராவைப் பார்த்துச் சிரித்த திருநங்கை, மூன்று ஆண்டுகள் கழித்து வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்து வாடகை வீடு தேடிக்கொண்டிருக்கலாம். வீட்டுக்காரரின் கைபேசியில் அந்தப் படம் வந்தால் வீடு போய்விடும். வாழ்க்கை மாறுகிறது, படம் மாறுவதில்லை. ஆகவே சம்மதத்தைப் போலவே மறுப்புக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும்.

போய்வந்து எடுக்கும் வழியை எளிதாகக் குறை சொல்லிவிடலாம். ஆனால் அதற்கென்று ஒரு நியாயமான இடம் உண்டு. அமெரிக்காவில் பள்ளி ஆசிரியராக இருந்த லூயிஸ் ஹைன், 1908 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக நூற்பாலைகள், சுரங்கங்கள், கண்ணாடித் தொழிற்சாலைகள் என்று அலைந்தார். ஆலைக்காரர்கள் உள்ளே விடமாட்டார்கள். பைபிள் விற்பவர், அஞ்சலட்டை விற்பவர் என்று ஏதாவது சொல்லிக்கொண்டு நுழைவார். ஒரு குழந்தையின் முன் நிற்கக் கிடைப்பது சில நிமிடங்கள். அதற்குள் படம் எடுப்பார். தன் கோட்டின் எத்தனையாவது பொத்தான் வரை குழந்தையின் தலை வருகிறது என்று பார்த்து உயரத்தைக் கணிப்பார். வயதையும் வேலை நேரத்தையும் பைக்குள் கையை விட்டபடியே தாளில் குறித்துக்கொள்வார். அந்தப் படங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவை இன்று அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. அங்கே குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டம் 1938இல்தான் நிலைபெற்றது. அதற்கு முந்தைய நீண்ட போராட்டத்தில் இந்தப் படங்களுக்குப் பங்குண்டு. அதில் பாதிப் பெருமை படத்தின் கீழே எழுதிய குறிப்புகளுக்குச் சேர வேண்டும். ‘அப்படி யாரும் எங்கள் ஆலையில் இல்லை’ என்று சொல்ல முடியாமல் செய்தவை அந்தக் குறிப்புகள்தாம்.

1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தபோதும் அப்படித்தான். புகைப்படக்காரர்கள் ரகு ராயும் பாப்லோ பார்த்தலோமியூவும் அங்கே விரைந்தார்கள். மண்ணில் பாதி புதைந்த ஒரு குழந்தையின் முகத்தை இருவருமே எடுத்தார்கள். அந்தக் குழந்தை யார் பெற்ற பிள்ளை என்று இன்றுவரை அடையாளம் காணப்படவில்லை. அங்கே யாரிடம் சம்மதம் கேட்பது? கேட்டுக்கொண்டிருந்தால் சான்று மண்ணுக்குள் போயிருக்கும். மறைக்கப்படும் ஒன்றை, மறைப்பவருக்கு எதிராகக் காட்ட வேண்டியிருக்கும்போது, நாலு நாள் போய்வருபவரின் படம் பெரிய சமூகப் பணி.

அப்படிப்பட்ட அவசரம் இல்லாத இடத்தில் அதே வழி என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங்கே எடுத்த, ‘புலம்பெயர் தாய்’ (Migrant Mother) என்ற உலகப் புகழ்பெற்ற படமே எடுத்துக்காட்டு. 1936 மார்ச் மாதம், கலிபோர்னியாவின் நிப்போமோவில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாம். ஒரு மாதப் பயணத்தை முடித்துக்கொண்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த லாங்கே, முகாமின் பெயர்ப்பலகையைக் கடந்து வெகுதூரம் போன பிறகு மனம் கேட்காமல் வண்டியைத் திருப்பினார். கூடாரத்தில் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த ஒரு தாயைச் சில படங்கள் எடுத்துவிட்டுக் கிளம்பினார். அந்தத் தாயின் பெயரையோ கதையையோ தான் கேட்கவில்லை என்று பின்னாளில் அவரே எழுதினார். படம் செய்தித்தாளில் வந்தது. அரசு அந்த முகாமுக்கு இருபதாயிரம் பவுண்டு எடையுள்ள உணவுப் பொருள்களை அனுப்பியது. அது வந்து சேர்வதற்குள் அந்தக் குடும்பம் வேலை தேடி வேறிடம் போய்விட்டிருந்தது.

நாற்பதாண்டுகளுக்கு மேலாக அந்த முகம் புத்தகங்களிலும் சுவரொட்டிகளிலும் பெயர் இல்லாமல் உலவியது. 1978இல் அந்தப் பெண் தன்னை அடையாளப்படுத்திக்கொண்டபோது, இந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றார். தனக்கு ஒரு காசு கூட வரவில்லை, பிரதி அனுப்புவதாகச் சொல்லி அனுப்பவும் இல்லை என்றார். லாங்கே அரசு வேலையாக எடுத்த படம் என்பதால் அது பொதுச் சொத்து. லாங்கேயாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. 1998இல் அஞ்சல் தலையாகவும் வந்தது. லாங்கே கல்நெஞ்சக்காரர் அல்லர், அவருடைய புகழ்பெற்ற வேலையின் பெரும்பகுதி ஏழைகளுக்காகத்தான். படம் அன்றைக்குத் தேவைப்பட்டதும் உண்மை. ஆனால் போய்வருகிற வழியில், படத்தில் இருப்பவர் மறுப்பைச் சொல்வதற்கு ஒரு முகவரி இல்லை. எவ்வளவு நல்லவர் கேமராவைப் பிடித்தாலும் அந்த வழிக்கு உள்ள குறை இது.

கூவாகத்தில் தாலி அறுக்கும்போது அழும் முகம் எதற்குச் சான்று? அந்த அழுகையை யாரும் மறுக்கவில்லை, மறைக்கவும் இல்லை. அதே திருவிழாவில் கழிப்பறைக்கு நிற்கும் வரிசை இருக்கிறது. இருட்டில் திருநங்கைகளைச் சீண்டுவதற்கென்றே வரும் ஆண்களின் கூட்டம் இருக்கிறது. ஒருநாள் மட்டும் அங்கே இருக்கப்போகிறவர் எடுக்க வேண்டியவை இவை என்பேன். இவற்றில் சான்று இருக்கிறது, யாருடைய தனித் துயரமும் செலவாகவில்லை.

கூடவே இருந்து எடுக்கும் வழிக்கு வருகிறேன். என் சாய்வு இந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை.

1966 முதல் 1968 வரை புரூஸ் டேவிட்சன் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் ஒரே ஒரு தெருவை எடுத்தார். முதலில் அந்தப் பகுதிக் குடியிருப்பாளர் குழுவிடம் போய் அனுமதி கேட்டார். அந்தச் சேரியைப் படமெடுக்க வேண்டும் என்று சொன்னபோது, நீ சேரி என்று சொல்வதை நான் என் வீடு என்கிறேன் என்று ஒரு பெண் திருப்பிச் சொன்னதை அவரே பதிவு செய்திருக்கிறார். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு முக்கியம். கைக்கு அடக்கமான சிறிய கேமராவை விட்டுவிட்டு, முக்காலி மேல் நிற்கும் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார். பெரிய கேமராவை மறைத்து வைத்து எடுக்க முடியாது. எதிரில் இருப்பவர் உட்கார்ந்து, சட்டையைச் சரிசெய்து, லென்ஸை நேராகப் பார்த்தால்தான் படம். வேண்டாமென்றால் எழுந்து போய்விடலாம். எடுத்த படங்களின் பிரதிகளை அந்தந்த வீடுகளுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த மக்கள் வீட்டு வசதி கேட்டு அதிகாரிகளிடம் போனபோது படங்கள் உதவின. 1970இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அவை வைக்கப்பட்டபோது, வெளியார் ஒருவர் வறுமையை அழகாக்கிவிட்டார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அந்தக் குற்றச்சாட்டு இரண்டாண்டு உழைப்பால் மட்டும் நீங்கிவிடுவதில்லை. ஆனால் அந்தத் தெருக்காரர்களுக்கு அவரை எங்கே பிடிப்பது என்று தெரிந்திருந்தது.

சூசன் மைசலாஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். 1972 முதல் 1975 வரை கோடைதோறும், அமெரிக்கச் சிற்றூர்த் திருவிழாக் கூடாரங்களில் ஆடை களைந்து ஆடும் பெண்களோடு ஊர் ஊராகப் போனார். படத்தோடு அவர்கள் குரலையும் ஒலிநாடாவில் பதிவு செய்தார். ஃபிலிம் கழுவிய பிறகு காண்டாக்ட் ஷீட்டுகளை எடுத்துக்கொண்டு அவர்களிடமே திரும்பி வருவார். சின்னஞ்சிறு சட்டங்களாக முழுச் சுருளும் தெரியும் அந்தத் தாளில், தங்களுக்குப் பிடித்த படங்களின் மேல் அந்தப் பெண்கள் தங்கள் பெயரின் முதலெழுத்தைப் போட்டுக் கொடுத்தார்கள். இன்று அதே வேலையைக் கைபேசித் திரையில் ஒரு நிமிடத்தில் செய்துவிடலாம். இவ்வளவு எளிதாகிவிட்ட பிறகும் செய்யாமல் விடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

மறுப்பை மதித்தால் வேலை கெட்டுவிடும் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது தயானிதா சிங்கின் கதை. 1989இல் லண்டன் நாளிதழ் ஒன்றுக்காக டெல்லியில் திருநங்கைகளைப் படமெடுக்கப் போனார். மோனா அகமது அவருக்கு இடம் கொடுத்தார், எடுக்கவும் விட்டார். படங்கள் லண்டனில் வெளியாகப்போகின்றன என்று தெரிந்ததும் மோனா ஃபிலிம் சுருளைத் திருப்பிக் கேட்டார். அவருக்கு அங்கே உறவினர்கள் இருந்தார்கள். தயானிதா சுருளைக் கொடுத்துவிட்டார். அந்த இதழ் வேலை அதோடு போயிற்று. அந்த இடத்தில் தொடங்கிய நட்பு மோனா 2017இல் இறக்கும்வரை நீடித்தது. தன் கூட்டத்திலிருந்து விலக்கப்பட்டு, ஒரு கல்லறைத் தோட்டத்தில் மோனா வாழ்ந்த ஆண்டுகளையும் தயானிதா எடுத்தார். 2001இல் அவை நூலானபோது, அதில் வாழ்க்கைக் கதையைச் சொன்னவர் மோனாவேதான், பதிப்பாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள் வழியாக. ஒரு சுருளைக் கொடுத்து இழந்தது ஒரு நாள் வேலை. அதன் பயனாகக் கிடைத்தது இந்திய ஆவணப் புகைப்படக் கலையின் மிக நெருக்கமான நூல்களில் ஒன்று.

கூடவே இருப்பதிலும் ஆபத்து உண்டு. 1960களின் நடுவில் டேனி லயன், சிகாகோவின் மோட்டார் சைக்கிள் கும்பல் ஒன்றில் உறுப்பினராகவே சேர்ந்து அதைப் படமெடுத்தார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒருபோதும் கிடைக்காத படங்கள் அவை. கடைசியில், கும்பலில் ஒருவர் பெரிய நாஜிக் கொடியை விரித்து அதன்மேல் பீர் பாட்டில்களை வைத்தபோது சண்டை போட வேண்டியிருந்தது என்று அவர் பின்னர் சொன்னார். எவரோடு சேர்ந்து உண்டு உறங்குகிறோமோ அவரைப் பற்றிய கசப்பான உண்மையைச் சொல்ல நா எழாது. நட்பு கேமராவை எந்தப் பக்கம் திருப்பவிடாமல் செய்கிறது என்பதை அவ்வப்போது தனக்குத்தானே கேட்டுக்கொள்ளாதவர் இந்த வழியில் போகக் கூடாது.

அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித்தின் மினமாட்டா வேலையில் இந்த வழியின் பெருமையும் சிக்கலும் சேர்ந்தே தெரிகின்றன. ஜப்பானின் அந்தக் கடலோர ஊரில் சிஸ்ஸோ என்ற இரசாயன ஆலை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. மீன் வழியாக அது மனிதர்களுக்குள் போனது. நோய் 1956இல் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. ஸ்மித்தும் அவர் மனைவி ஐலீனும் 1971 முதல் 1974 வரை அங்கேயே குடியிருந்தார்கள். 1972 ஜனவரியில் ஆலைத் தரப்பினர் அடித்ததில் ஸ்மித் பலத்த காயமடைந்தார். தாயின் வயிற்றிலேயே நஞ்சேறிப் பிறந்த மகளை, அவள் தாய் குளியல் தொட்டியில் ஏந்தியிருக்கும் படம் 1971 டிசம்பரில் எடுக்கப்பட்டது. பெற்றோரின் சம்மதத்தோடுதான். அந்தப் படம் மினமாட்டாவை உலகறியச் செய்தது. அந்த மகள் 1977இல் இறந்தாள். படம் மட்டும் கண்காட்சிகளிலும் பாடப்புத்தகங்களிலும் தொடர்ந்தது. எங்கள் பிள்ளையை இனி ஓய்வெடுக்க விடுங்கள் என்பதுதான் பெற்றோரின் விருப்பமாக இருந்தது. ஸ்மித் இறந்து இருபதாண்டுகள் ஆகியிருந்த நிலையில், 1998இல் ஐலீன் அந்தப் படத்தின் மீதான முடிவை அந்தப் பெற்றோரிடமே ஒப்படைத்தார். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அது புதிதாக எங்கும் வெளியிடப்படவில்லை.

அந்த முடிவால் உலகுக்கு ஒரு சான்று குறைந்துவிட்டது என்று வாதிடுபவர்கள் உண்டு. நான் ஐலீன் பக்கம். ஆலைதான் பொறுப்பு என்று நீதிமன்றம் 1973இலேயே தீர்ப்பளித்துவிட்டது. படம் தன் வேலையை முடித்த பிறகும் அதை உலவ விடுவதற்கு, பெற்றவர்களின் மனத்தைவிடப் பெரிய காரணம் வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பெற்றோர் மறுக்க முடிந்ததற்குக் காரணம், மூன்றாண்டுகள் அதே ஊரில் குடியிருந்த மனுஷி மறுமுனையில் இருந்ததுதான். நிப்போமோவின் தாய்க்கு அப்படி யாரும் இல்லை.

செலவு? தங்குவதற்கு வெளிநாடோ டெல்லியோ போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஆவணப் படங்கள் எடுப்பவர்களில் பலருக்குச் சோறு போடுவது திருமண வேலைதான். சித்திரை வைகாசியில் முகூர்த்தங்கள் நெருக்கும், ஆடியிலும் மார்கழியிலும் கை ஓயும். அந்த ஓய்வு மாதங்களில் பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தால் ஐந்தாண்டுகளுக்கு அதைத் தொடரலாம். தொலைவில் உள்ள ‘பெரிய’ பொருளுக்காகக் கடன் வாங்கி ஒருமுறை போய்வருவதைவிட, நம் ஊர்ச் சாயப்பட்டறைத் தெருவுக்கு ஐந்தாண்டு போய்வருவது எல்லா வகையிலும் மேல்.

மூன்றாவது வழியான கேமராவைக் கையில் கொடுப்பது, கேட்கும்போது எல்லாவற்றையும் தீர்த்துவிடுவதுபோல் இருக்கும். வெண்டி யூவால்ட் 1970களின் நடுவிலிருந்து அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கேமராவைக் கற்றுக்கொடுத்தார். தங்கள் வீட்டையும் கனவுகளையும் அவர்கள் படமெடுத்தார்கள். 1985இல் அது நூலாயிற்று. 2020இல் விரிவான மறுபதிப்பு வந்தபோது, வளர்ந்து பெரியவர்களாகிவிட்ட அதே பிள்ளைகளின் குரல்களும் அதில் சேர்ந்தன. அந்த முப்பத்தைந்து ஆண்டுத் தொடர்ச்சிதான் இந்த வழியை நிறைவாக்கியது. சீனாவின் யூனான் மாகாணத்தில் 1990களின் தொடக்கத்தில் கிராமத்துப் பெண்களுக்குக் கேமராக்கள் கொடுக்கப்பட்டன. எடுத்த படங்களைச் சுற்றி உட்கார்ந்து பேசி, குழந்தைப் பராமரிப்பு முதல் பேறுகால உதவி வரை எது தங்கள் சிக்கல் என்பதை அவர்களே அதிகாரிகளுக்குக் காட்டினார்கள். பின்னர் பல நாடுகளில் பொதுச் சுகாதாரத் துறையினர் இந்த முறையை எடுத்துக்கொண்டார்கள்.

கொல்கத்தாவின் சோனாகாச்சியில் பாலியல் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஜானா பிரிஸ்கி கேமரா கற்றுக்கொடுத்ததும் இதே வழிதான். அதைப் பற்றிய ஆவணப்படம் 2005இல் ஆஸ்கர் வென்றது. பிள்ளைகளின் படங்களை விற்ற பணம் அவர்கள் படிப்புக்குப் போனது. ஆனால் அங்கே பல ஆண்டுகளாக இயங்கிவரும் பாலியல் தொழிலாளர்களின் சொந்த அமைப்பான துர்பார், தாய்மார்களை அக்கறையற்றவர்களாகக் காட்டிவிட்டார்கள் என்றும், அவர்களுடைய போராட்டத்தையே விட்டுவிட்டார்கள் என்றும் எதிர்த்தது. கேமரா பிள்ளைகளின் கையில் இருந்தது. படங்களைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, கதையாக்கியது வேறு கை. தாய்மார்களை யாரும் கேட்கவில்லை.

இந்த வழியில் பொதுவாக நடக்கும் பிசகு அதுதான். இன்று கைபேசி இல்லாத தெரு இல்லை. திருநங்கைகள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே படம் பிடித்து வெளியிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது கேமரா அன்று. இதழின் பக்கமும், கண்காட்சியின் சுவரும், எதை விடுவது எதை வைப்பது என்று முடிவெடுக்கும் நாற்காலியும்தான் அவர்களிடம் இல்லை. ஆகவே வாரக் கடைசிப் பயிற்சி முகாம் நடத்திக் கேமரா கொடுத்துவிட்டு வருவதைப் பங்கேற்பு என்று சொல்லாதீர்கள். கண்காட்சிவரை அவர்களோடு உட்கார்ந்து படம் தேர்ந்தெடுக்க உங்களுக்கு நேரம் இல்லையென்றால் இந்த வழியை எடுக்கவே வேண்டாம். காப்புரிமையும் அவர்களுடையதே. கேமரா யாருடையதாக இருந்தாலும், இந்தியச் சட்டப்படி படம் எடுத்தவரே பொதுவாக அதன் முதல் உரிமையாளர். அந்த உரிமை அவர் வாழ்நாளும் அதற்கு மேல் அறுபது ஆண்டும் நிற்கும். பயிற்சி கொடுத்த நிறுவனம் எழுத்து அனுமதி இல்லாமல் அந்தப் படங்களை நாட்காட்டியில் போட்டுக்கொள்ள முடியாது.

நான்காவது வழி எல்லாருக்கும் திறந்தது அன்று. மதுரையிலிருந்து வந்த பழனிக்குமார் மீன் விற்கும் தாயின் மகன். கையால் மலம் அள்ளும் தொழிலில் இறந்தவர்களின் குடும்பங்களையும், கடற்பாசி எடுக்கும் பெண்களையும், உழைக்கும் பெண்களின் அன்றாடத்தையும் அவர் எடுத்திருக்கிறார். தயானிதா சிங் பெயரில், கிராமப்புற வாழ்வைப் பதிவுசெய்யும் பாரி (PARI) இணையதளம் வழங்கும் ஆவணப் புகைப்பட விருதை 2022இல் முதலில் பெற்றவர் அவர்தான். அவருடைய படங்களில் உழைப்பவர்களின் கைகள் அருகிலிருந்து தெரியும். அந்தக் கைகளை அவர் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர். இப்போது ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளுக்குக் கேமரா கற்றுக்கொடுக்கிறார். மூன்றாவது வழியும் நான்காவதும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

வாடிப்பட்டியின் ஜெய்சிங் நாகேஸ்வரனிடம் இரண்டு நிலைகளையும் பார்க்கலாம். 2020 ஊரடங்கில் ஊர் திரும்பிய அவர் தன் தலித் குடும்பத்தையே எடுத்தார். அங்கே அவர் வீட்டுப் பிள்ளை. கூவாகத் திருவிழாவுக்கு வரும் திருநங்கைகளை எடுத்தபோது அவர் வெளியார். அங்கே அவர் தேர்ந்தெடுத்தது தாலி அறுக்கும் களத்தையல்ல, அவர்கள் தங்கும் லாட்ஜ் அறைகளை. கதவைத் தட்டி, உள்ளே இருப்பவர் திறந்தால்தான் அந்தப் படம் உண்டு. அறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது. திறந்த களத்தில் அழுபவருக்கு அது இல்லை.

வீட்டுப் பிள்ளை எடுத்தால் மறுப்புப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அம்மா மகனுக்கு மறுப்புச் சொல்ல மாட்டார். அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் சோதனை உள்ளிருப்பவருக்கே அதிகம். இருந்தாலும் நான்கிலும் இதற்குத்தான் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல். தப்பாக ஒரு படம் வெளிவந்தால் மாலை சாப்பாட்டு நேரத்திலேயே கணக்குக் கேட்கப்படும்.

நீங்கள் வெளியார் என்றால் நான்காவது வழியால் உங்களுக்கு ஒரு கடமை மட்டும் வருகிறது. உங்களிடம் ஒரு நிதியுதவியோ இதழ் வேலையோ வந்து, அதே பொருளை உள்ளிருந்து எடுக்கக்கூடிய ஒருவரை உங்களுக்குத் தெரியுமென்றால், அவர் பெயரைச் சொல்லுங்கள். மனம் கொஞ்சம் கஷ்டப்படும். ஆனால் அது சரியான முடிவு.

மற்றபடி கணக்கு இப்படித்தான் போகும். மறைக்கப்படும் அநியாயம், நேரம் இல்லை என்றால் போய் எடுங்கள். ஹைனைப் போல இடம், தேதி, வேலை, கூலி என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கையால் மலம் அள்ள வைப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி ஒருவரை இறக்கிய இடத்தில் எடுக்கும் படத்தில் பணி கொடுத்தவரின் வண்டி எண்ணும் பலகையும் தெரியட்டும், இறங்கியவரின் முகம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைப் போக்சோ சட்டம் தடுக்கிறது. முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டு வீட்டு வாசலையும் பள்ளிச் சீருடையையும் காட்டினால் அடையாளம் காட்டியதாகவே ஆகும். இந்த இரண்டு இடங்களிலும் சந்தேகம் வந்தால் எடுக்காமல் விடுவதே நல்லது.

அவசரம் இல்லாத எல்லாவற்றுக்கும், ஒரு சமூகத்தின் அன்றாடம், அதன் விழாக்கள், இளைஞர் குழுக்கள், தொழில்கள் என எதுவானாலும், இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுங்கள் என்பது என் தீர்மானமான யோசனை. கூவாகமே உங்கள் பொருள் என்றால் முதல் சித்திரையில் கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு போங்கள். விழா முடிந்த பிறகு, அவர்கள் வாழும் ஊரில், அவர்கள் வீட்டில் போய்ப் பாருங்கள். ஆண்டில் ஓரிரு நாள்தான் அவர்கள் கூவாகத்தில் இருக்கிறார்கள், மற்ற நாள்களின் வாழ்க்கையை எடுக்க யாரும் வருவதில்லை. இரண்டாம் முறை போகும்போது முதல் முறை எடுத்தவற்றின் பிரதிகளைக் கொண்டுபோங்கள். பிரதியின் பின்புறம் உங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதியிருக்கட்டும். படம் வேண்டாமென்று தோன்றினால் கூப்பிட வேண்டிய எண் அது என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். சம்மதப் படிவத்தில் ஒருமுறை கையெழுத்து வாங்குவது நீதிமன்றத்துக்கு உதவும், படத்தில் இருப்பவருக்கு உதவாது. ஒவ்வொரு புதிய இடத்தில் வெளியிடும்போதும் மறுபடி கேளுங்கள். ஊர் இதழுக்குச் சம்மதித்தவர் இணையத்துக்குச் சம்மதித்தவர் ஆகமாட்டார்.

கூப்பிட்டு வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள் என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். அச்சில் வந்ததைத் திரும்பப் பெற முடியாது, அதை மறைக்காமல் அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இணையத்தில் இருப்பதை எடுக்கலாம். இனி வரப்போகும் கண்காட்சியிலிருந்து நீக்கலாம். இதற்கு உங்கள் கையில் உரிமை இருக்க வேண்டும். படங்களை இதழுக்கோ அமைப்புக்கோ முழு உரிமையோடு எழுதிக் கொடுத்துவிட்டால், படத்தில் இருப்பவர் உங்களைக் கூப்பிட்டும் பயனில்லை. ஒருமுறை வெளியிடும் உரிமையை மட்டும் கொடுங்கள். படத்தில் இருப்பவர் கேட்டுக்கொண்டால் இணையப் பக்கத்திலிருந்து நீக்கப்படும் என்று ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரிக்கு உடன்படாத இடத்துக்கு இந்தத் தொடரைக் கொடுக்காதீர்கள், வேறு வேலை செய்து கொடுங்கள்.